சூப் எனத் தீர்மானிக்கப்பட்டது

எண்பத்திரண்டாம் ஆண்டு மாரியில் எனக்குத் தூரத்து மொனறாகலைக்கு இடமாற்றம் வந்தது. அதை ரத்துச் செய்யும் அதிகாரம் எங்கள் கந்தோரின் தலைவர் சரீப் சேருக்கு இருந்தது. மேன்முறையீட்டை மூன்று பிரதிகளில் கொடுத்திருந்தேன். நான்காவது பிரதியாக ஓர் இராச்சாப்பாடு கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

கல்முனையில் அப்போது நாகரிகமான சாப்பாடு என்றால் கச்சிமுகம்மதுவின் கடைதான். கப்பலில் சமையற்காரராக இருந்து ஹொங்கொங்கைப் பார்த்துவிட்டு வந்தவர், 'ஹொட்பொட் கிடைக்கும்' என்று பலகை எழுதி வைத்திருந்தார். அது என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே அதற்கு நல்ல மதிப்பு.

இஷாத் தொழுகைக்குப் பிறகு சேரும் நானும் போனோம். தகரக் கூரையில் மழை கொட்டியது. கடை நிரம்பியிருந்தது. எங்கள் மேசையின் நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பையும் அதன்மேல் கொதிக்கும் சட்டியையும் வைத்துவிட்டு கச்சிமுகம்மது உள்ளே போனார்.

இரண்டு பேருக்கு ஒரே சட்டி. சுற்றியிருந்து ஒரே தட்டில் சகன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சகனில் பெரியவர் கைவைக்கும்வரை மற்றவர் கைவைப்பதில்லை. காத்திருந்தேன். சேர் அகப்பையால் அள்ளி, கோப்பையில் ஊற்றிக் குடித்தார்.

"நல்ல சூப்."

"நல்ல சூப், சேர்."

சட்டியின் அடி தெரியும்வரை குடித்தோம். மற்ற மேசைக்காரர்களும் எங்களைப் பார்த்துத் தங்கள் சட்டிகளிலிருந்து குடித்தார்கள். அப்போது கச்சிமுகம்மது, மெல்லிதாகச் சீவிய பச்சை மாட்டிறைச்சியோடு வந்தார்.

"தண்ணி எங்க, சேர்?"

"எந்தத் தண்ணி?"

"இறைச்சியப் போட்டு அவிக்கிற தண்ணி."

சரீப் சேர் இருபத்தாறு வருடச் சேவையில் தான் எழுதிய ஒரு குறிப்பையும் வெட்டியவர் அல்லர்.

"அது சூப்," என்றார்.

"சூப்தான்," என்றேன்.

"அப்ப இந்த இறைச்சி?"

"இது அடுத்த கட்டம்."

அடுத்த கட்டத்தை நடைமுறைப்படுத்தும் உத்தியோகத்தர் யார் என்பது குறிப்பிடப்படவில்லை. சேர் என்னைப் பார்த்தார். நான் மொனறாகலையைப் பார்த்தேன். ஒரு துண்டை எடுத்து, மிளகாய்ச் சாற்றில் தோய்த்து, பிஸ்மி சொல்லி விழுங்கினேன்.

"எப்படி இரிக்கு?"

"மிருதுவா இரிக்கு, சேர்."

"பாத்தீங்களா?" என்று அவர் கச்சிமுகம்மதுவிடம் கேட்டார். தான் ஒரு துண்டும் எடுக்கவில்லை. மற்ற மேசைகளில் ஆறு பேர் எடுத்தார்கள்.

மூன்று நாள் வயிற்றோட்டத்தோடு வீட்டில் கிடந்தேன். அதற்குள் கச்சிமுகம்மது மேசைகளிலிருந்து அடுப்புகளை எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பெரிய உத்தியோகத்தர்கள் சாப்பிடும் முறையில்தான் வேண்டுமென்று ஊர் கேட்டதாம்.

நான்காம் நாள் சேர் கூப்பிட்டார். கொழும்பில் கூட்டத்துக்குப் போய் வந்திருந்தார்.

"அங்க ஒரு சீனக் கடையில சாப்பிட்டன். அவனுகள் இறைச்சிய அந்தத் தண்ணிக்குள்ளதான் போடுறானுகள்."

"அவனுகளுக்குத் தெரியா, சேர். நீங்க செஞ்சதுதான் முறை."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"அப்ப நான் செய்யிறது எல்லாம் சரியா?"

"எல்லாம் சரி, சேர்."

"உங்கட இடமாற்றத்துக்குச் சிபாரிசு எழுதினதும் நான்தான்."

மேன்முறையீட்டின் மூன்று பிரதிகளையும் என் பக்கம் தள்ளினார். 'மீளப்பெறுகிறேன்' என்று மூன்றிலும் எழுதிக் கையொப்பமிட்டேன்.