டாலி அக்காவின் தீவுகள்

உலகத்தில் இதுவரை யாரும் பார்த்திராத தீவுகளில் பாதியை, இராயபுரத்து லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தவர் எங்கள் டாலி அக்கா. துறைமுகத்தில் இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் வேலை. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவரே மறந்துவிட்டதாகக் கேள்வி.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிது. ஊருக்குக் கிளம்பிய கப்பல்காரர் ஒருவர் அக்காவிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கடல், காடு, சேறு, மலை என்று படம் போட்ட சதுர அட்டைகள். ஒரு பை நிறைய மரத்தில் செய்த ஜந்துக்கள். ஆடும் முறை எழுதிய தாள் எந்த நாட்டுப் பாஷையென்றே தெரியவில்லை. அக்கா அதை மடித்து மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சட்டத்தைத் தாமே இயற்றினார். அட்டையைப் பார்க்காமல் எடுக்க வேண்டும். கடலோடு கடல், காட்டோடு காடு சேரும்படி வைக்க வேண்டும். ஆளுக்குப் பத்து ஜந்து. எது எங்கே பிழைக்குமோ அங்கே குடியேற்ற வேண்டும். பத்தையும் முதலில் குடியேற்றியவர் ஜெயித்தவர். ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அக்காவோடு அதே அறையில் இருந்த நாங்கள் நாலு பேரும் ஆட உட்கார்ந்தால், அந்த ஒப்புதலில்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். சத்தம் தாங்காமல் அதட்ட வந்த வார்டன் கையில் அக்கா ஒரு யானையைக் கொடுத்தார். வார்டன் அதைத் தீவில் வைத்தார். எப்படிப் போனது என்று கேட்டோம். நீந்திப் போனது என்றார். அந்த யானைக்காக மூன்று நாள் எங்களோடு சண்டை போட்டார், மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும்போதுகூட.

அக்காவின் அண்ணன் மாதவரத்தில் இருந்தார். நான்கு மாப்பிள்ளைகள் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமலே போனதில் நொந்துபோய், ஐந்தாவதுதான் கடைசி, அதற்குமேல் தன்னால் அலைய முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கு அக்கா அட்டையைத் தொடவே இல்லை.

அந்த ஐந்தாவது மாப்பிள்ளை காலடிப்பேட்டைக்காரர்; ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வரவேண்டியவர், மூன்றரைக்கே அம்மாவோடு வந்து நின்றார். பார்வையாளர் அறைத் தரை முழுக்க ஒரு கண்டம் விரிந்து கிடந்தது. நடுவில் நைட்டியும் துண்டுமாக அக்கா. இரண்டே ஜந்து பாக்கி. அவர்களை அழைத்து வந்த அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. நாங்கள் நாலு பேரும் அட்டைகளை வாரப் போனோம். அக்கா எங்கள் கையைத் தட்டிவிட்டார்.

“ரெண்டே ஆட்டம். ஒக்காருங்க.”

மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மார்க்கெட்டில் மீன் விற்கும் அவருடைய அம்மா உட்காரவில்லை. இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தார். அக்கா நண்டை எடுத்துக் கடலின் நடுவில் வைத்தார்.

“அந்த நண்டத் தூக்குமே. சேத்துல கீற ஜீவன நடுக்கடல்ல வுட்டா இன்னா துன்னும்?”

வைத்த ஜந்தைத் தூக்கும்படி அக்காவிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

“நீலக்கால் நண்டு கடல்லதான் கீது, அத்தே.”

“கடல்லதான் கீது. கரையோரமா கீது. நண்டு விக்கிறவகிட்ட வந்து சொல்றியா?”

அந்த ‘அத்தே’ அக்காவை அறியாமலே வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா நண்டைத் தூக்கினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. அந்த அம்மா புடவையைச் செருகிக்கொண்டு தரையில் சம்மணமிட்டார், முதலிலிருந்து ஆடலாம் என்றார். அதற்குப் பிறகு நடந்தது போர். கண்டம் வாசலைத் தாண்டி வராந்தாவுக்குப் போனது. வார்டன் தன் யானையோடு ஓடிவந்தார். காபி ஆறியது. ஃபேன் காற்றில் அட்டை பறக்காமலிருக்க முறுக்கை எடுத்து மேலே வைத்தோம். கடைசிப் பறவையை மலையுச்சியில் வைத்து அந்த அம்மா ஜெயித்தபோது, மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டினார். அன்று அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

எல்லோரும் போனபின் அண்ணன் தயங்கித் தயங்கி, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

“அவர இன்னும் சரியா பாக்கலண்ணே. அத்தே அடுத்த வாரமும் வருவாங்களான்னு கேளு.”

மூன்றாம் மாதம் கல்யாணம். பெட்டியும் அக்காவோடு போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்றே தெரியவில்லை. யாரும் யாரையும் கேட்காமல், நாலு பேரும் காலடிப்பேட்டை பஸ்ஸில் ஏறியிருந்தோம். புதுசாகக் கல்யாணமான வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று தெருவில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. மாமியார்.

“எவ்ளோ நேரமா குந்திகினு கீறோம், இன்னாமே இவ்ளோ லேட்டு?”

உள்ளே அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கிவிட்டு, நாலு பேருக்கும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார் அக்கா.