விளக்குக்கு நெய் கொடுத்த பத்துப் பேர்

"சேந்தன் காரின்னு இந்த மாரியேரியில ஒருத்தரும் கிடையாது சார்" என்று தபால்காரர் பஞ்சநதம் அழைப்பிதழை மூன்றாவது தடவையாகத் திருப்பிக் கொடுத்தார். "மத்த ஒன்பதும் இதே கதைதான்."

"இருக்காங்க. நீங்க சரியாத் தேடல" என்றார் தியாகேசன்.

தியாகேசன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மாரியேரி வரலாற்றுக் கழகத்தின் செயலாளர். தஞ்சாவூரிலிருந்து நாலு மைலில், டவுன் பஸ் வந்து திரும்பிப் போகும் ஊர் அது. 'அங்கே என்ன இருக்கு, செங்கல் சூளைதானே' என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயில் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி, மூன்று வருஷத்தில் ஒரு கல்வெட்டைப் படித்து முடித்தார். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் விளக்கெரிக்க நெய் கொடுத்த பத்துப் பேரின் பெயர்கள் அதில் இருந்தன. கழக மலரில் கட்டுரையும் எழுதினார்.

போன மாதம் பழைய வயல் பெயர்களைக் குறித்துக்கொள்ள ஊர்க் கணக்கப்பிள்ளை இராஜாங்கம் வீட்டுக்குப் போனவர், நிலக் கணக்கைப் புரட்டிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அதே பத்துப் பெயர்கள்! ஆளுக்கு ஐந்து ஏக்கர்! தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, தொள்ளாயிரம் வருஷமாக அதே மண்ணை விடாமல் பிடித்திருக்கும் பத்துக் குடும்பங்கள்! தஞ்சாவூரில்கூட இப்படி ஒன்று கிடையாது. இராஜாங்கம் வாயைத் திறப்பதற்குள் தியாகேசன் சப் கலெக்டரைப் பார்த்து, பாராட்டு விழாவுக்குத் தேதியும் வாங்கிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை.

திரும்பி வந்த பத்து அழைப்பிதழ்களோடு இராஜாங்கத்தின் முன்னால் போய் நின்றார்.

"அவங்கள்லாம் வெளியூருங்க" என்றார் இராஜாங்கம், வெற்றிலையை விழுங்கிக்கொண்டு.

"எந்த ஊரு? தந்தி அடிக்கிறேன்."

"பினாங்கு."

"பத்துப் பேருமா?"

"ஒரே கப்பல்ல போனாங்க."

"அங்கே எனக்குத் தெரிஞ்சவர் இருக்காரு. விலாசம் குடுங்க."

இராஜாங்கத்துக்கு வியர்த்தது. "சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். போய்ச் சேந்துட்டாங்க."

"பினாங்குக்கா?"

"மேல."

வேறு ஆளாக இருந்தால் அழைப்பிதழைக் கிழித்துப் போட்டிருப்பார். தியாகேசன் நேரே வீட்டுக்குப் போய் சப் கலெக்டருக்குக் கடிதம் எழுதினார். பத்துப் பேரும் காலமாகிவிட்டதால், வாரிசுகளைக் கண்டுபிடிக்கத் தாங்கள்தான் உதவ வேண்டும்.

"நீங்க நல்லதுன்னு நெனச்சு ஒண்ணு பண்ணினாலே அது வேற எங்கேயோ போய் முடியுது" என்றாள் மனைவி மங்களாம்பிகை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'பத்து நில உரிமையாளர்களோ வாரிசுகளோ விழாவில் கட்டாயம் இருக்க வேண்டும். நானே நேரில் விசாரித்து, இன்ன நிலத்துக்கு இன்னார் உரிமையாளர் என்று சான்றிதழ் தருகிறேன்.'

அன்று சாயங்காலமே கழகத் தலைவர் ஆளனுப்பினார். தலைவர் என்றால் மிராசுதார் வைத்தியலிங்கம்.

"மாஸ்டர், விழாவை நிறுத்துங்க."

"ஏங்க?"

"அந்த அம்பது ஏக்கரும் என்னுது. பதினஞ்சு ஏக்கருக்கு மேல வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டாந்துட்டாங்க. எழுதி வைக்கப் பேரு வேண்டியிருந்துச்சு. அடுத்த ஊர்ல ஒருத்தன் நாய் பேர்ல எழுதி மாட்டிக்கிட்டான். நம்ம மலர்ல உங்க கட்டுரை இருந்துச்சா, பத்துப் பேரும் லட்சணமா இருந்துச்சு. கணக்கப்பிள்ளை பாத்து எழுதிட்டாரு."

தொள்ளாயிரம் வருஷம் ஒரே நிமிஷத்தில் போயே போய்விட்டது. அந்தக் கட்டுரையைப் படித்த ஒரே ஆள் இராஜாங்கம் என்பது வேறு வருத்தமாக இருந்தது.

"ஆள் இல்லாத பேர்னு தெரிஞ்சா அம்பதும் சர்க்காருக்குப் போயிரும். நானும் உள்ள போகணும்" என்றார் வைத்தியலிங்கம்.

தியாகேசன் சப் கலெக்டரின் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு, "விழா நடக்கும். இந்த ஊருக்கு ஒரு அதிகாரி வர்றதே இதுதான் முதல் தடவை. பத்துப் பேரை நான் கொண்டாறேன்" என்றார்.

அவர் போனது வைத்தியலிங்கத்தின் பண்ணையாட்கள் குடியிருக்கும் தெருவுக்கு. மருதையன், அவன் பெண்டாட்டி காத்தாயி, இன்னும் எட்டுப் பேர். இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் வைத்து ஒத்திகை நடந்தது. மருதையன், காலமான சேந்தன் காரியின் பேரன் சேந்தன் காரி. காத்தாயி, நங்கை ஆரூரின் பேத்தி நங்கை ஆரூர். பெயர்தான் அவர்கள் வாயில் நுழையவில்லை. நிலத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போனால், வாய்க்கால் எந்தப் பக்கம் பாய்கிறது என்று அவர்கள்தான் மாஸ்டரைத் திருத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை பந்தல் நிரம்பி வழிந்தது. மருதையன் இரவல் பட்டு வேட்டியில் முன்னால் நின்றான்.

"உங்க நிலம் எங்க இருக்கு?" என்று கேட்டார் சப் கலெக்டர்.

"நடுவாய்க்காலுக்குத் தெக்கேங்க. வடமேற்கு மூலை மேடு. தண்ணி ஏறாது, எறைக்கணும்."

"எத்தனை தலைமுறையா உழுறீங்க?"

"எங்கப்பாரு, அவுங்கப்பாரு, அவருக்கு அப்பாரு. எல்லாரும் அந்தச் சேத்துலதாங்க கெடந்தாங்க."

ஒத்திகையில் இல்லாத பதில். இராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டார். சப் கலெக்டரோ நெகிழ்ந்துபோய் மருதையனின் கையைப் பிடித்துப் பார்த்தார். பத்துப் பேரிடமும் கைநாட்டு வாங்கி, சர்வே நம்பர் எழுதி, சீல் குத்தி, ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தி, சான்றிதழை அவரவர் கையிலேயே கொடுத்தார். கைதட்டலில் தியாகேசனுக்குக் கண் கலங்கியது. மாரியேரிக்கு ஒரு வரலாறு கிடைத்துவிட்டது.

ஜீப் கிளம்பியதும் வைத்தியலிங்கம் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"மாஸ்டர், நீங்க தெய்வம்! இனிமே எந்தக் கொம்பனும் பினாமின்னு சொல்ல முடியாது. பத்து பேருக்கும் ஆள் இருக்குன்னு அவரே சீல் வச்சுட்டாரு!"

அப்படியே பத்துப் பேர் பக்கம் திரும்பி, "சரி சரி, பொன்னாடை, காயிதம் எல்லாத்தையும் கணக்கப்பிள்ளைகிட்ட குடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார்.

காத்தாயி, சான்றிதழை மடித்து மடியில் செருகிக்கொண்டு சொன்னாள்:

"பொன்னாடைய நீங்களே வச்சுக்குங்க ஐயா. நாளைக்கு எங்க வயல்ல நடவு, நாத்துக்கட்டு தூக்க ஆளு பத்தல, வெள்ளன வந்துருங்க."