இத்தாலியில் நம்பர் ஒன்

"மனுஷன் வாயே திறக்க மாட்டேங்கறாரே!" சமையலறைக்குள் வந்து முணுமுணுத்தான் ஸ்ரீனிவாசன்.

ஹாலில் அவனுடைய மேனேஜர், இத்தாலிக்காரர் ரிக்கார்டோ, மெதுவடையை முள்கரண்டியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த புராஜெக்ட் ஹெட் யாரென்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பதவிக்காக ஸ்ரீனிவாசன் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டான். கடைசியாக, துபாய் அல் குசைஸில் உள்ள தன் ஃப்ளாட்டில் இந்த விருந்து.

"பாட்டப் போடறேன்."

"வேணாங்க. பாவம், நிம்மதியா சாப்பிடட்டும்" என்றாள் மனைவி பிரபாவதி.

"உனக்கென்ன தெரியும்? நான் துபாய்க்கு ஃப்ளைட் ஏறின வருஷத்துப் பாட்டக் கேட்டா எனக்கு இன்னைக்கும் கண்ணு கலங்குதில்ல? அவருக்கும் அப்படித்தானே இருக்கும்!"

போன வருஷம் ரிக்கார்டோ ஊரைவிட்டுக் கிளம்பிய சமயத்தில் இத்தாலியில் கோடை முழுக்க முதலிடத்தைவிட்டு நகராத பாட்டை ஸ்ரீனிவாசன் நெட்டில் தேடிப் பிடித்திருந்தான். அர்த்தம் தெரியாமலே மனப்பாடமும் செய்திருந்தான்.

பாட்டு ஒலித்ததும் ரிக்கார்டோவின் முள்கரண்டி நின்றது. முகம் சிவந்தது.

"பாத்தியா, ஊர் ஞாபகம்!" சத்தத்தைக் கூட்டினான். ரிக்கார்டோவின் கண் கலங்கியது.

"ப்ளீஸ்... ஸ்டாப் திஸ்."

ஸ்ரீனிவாசன் உடனே நிறுத்தினான். "மெஷின்ல கேக்கப் பிடிக்கல போலிருக்கு. லைவா கேக்கறார்டி!" என்று பிரபாவதியிடம் கிசுகிசுத்துவிட்டு, தானே பாட ஆரம்பித்தான்.

"டாட், ஹி லுக்ஸ் சிக்" என்றாள் மகள் தாரிணி.

"நீ பேசாம கீபோர்ட வாசி!"

பல்லவிக்கு வந்தபோது மேனேஜரின் தோளில் உரிமையோடு கை போட்டான். ரிக்கார்டோ துள்ளி எழுந்தார். "கலாஸ்! கலாஸ்!" என்று, போதும் என்பதை அரபியிலேயே கத்தியபடி, வாசலில் கிடந்த ஸ்ரீனிவாசனின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். பாயசம் அப்படியே இருந்தது.

ஷார்ஜா டிராஃபிக்கில் மாட்டி, அப்போதுதான் விருந்துக்கு வந்து சேர்ந்தாள் ரிக்கார்டோவின் செக்ரட்டரி ஷியாமளா.

"சார் அழுதுகிட்டே லிஃப்ட்ல போறாரே, என்னாச்சு?"

"ஊர்ப்பாசம் மேடம்! புராஜெக்ட் ஹெட் நான்தான், எழுதி வச்சுக்குங்க" என்று பெருமையோடு பாட்டை மறுபடி போட்டுக் காட்டினான் ஸ்ரீனிவாசன்.

ஷியாமளா தலையில் கை வைத்தாள்.

"ஐயோ ஸ்ரீனி சார்! அவரு சம்சாரத்தக் கூட்டிட்டுப் போனவன் பாடின பாட்டு சார் இது! எந்தக் கடைக்குப் போனாலும் இதையே போடறாங்கன்னுதான் மனுஷன் இத்தாலிய விட்டுட்டு இங்க ஓடி வந்தாரு!"