கரையில் நிற்பவர்களுக்கு மட்டும் விற்றவர்

இலங்கையில் கடலையே பார்க்காமல் கடல் சாமான் விற்ற ஒரே மனிதர் மாத்தளை பங்கா நானாதான். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற எனக்கே சந்தேகம் இல்லை என்றால், நீங்கள் தாராளமாக நம்பலாம்.

நானா வைத்திருந்தது பழைய இரும்புக் கடை. அவரும் ஒரு காலத்தில் எல்லோரையும் போலப் பித்தளை, செம்பு, உடைந்த சைக்கிள் என்றுதான் வியாபாரம் செய்திருக்கிறார். கொழும்புக்குப் போயும் கடல் பக்கமே திரும்பாதவர், அங்கே ஓர் ஏலத்தில் சாக்கு மூட்டைகளுக்குள்ளிருந்து இறக்கைகள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வீட்டில் மாட்டுகிற மின்விசிறி என்று நினைத்து ஒரு லொறி நிறைய எடுத்து வந்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் படகு எஞ்சினின் அடியில், தண்ணீருக்குள் சுழலுகிற விசிறிகள். தெருவே சிரித்து, பங்கா நானா, அதாவது விசிறி நானா, என்று பெயரும் வைத்தது. வேறு யாராவது என்றால் உருக்கிக் காசாக்கியிருப்பார்கள். நானா ஒவ்வொன்றையும் கழுவி, எண்ணெய் பூசி, கூரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். காற்று அடித்தால் எல்லாம் சேர்ந்து மெதுவாகச் சுழலும். உள்ளே நிற்கிறவருக்குக் கடையே எங்கோ புறப்பட்டுப் போவதுபோல இருக்கும்.

"கடல் இல்லாத ஊருல இத யாரு நானா வாங்குவாங்க?" என்று கேட்டால், வாசலில் இருந்த தெருப் பலகையைக் காட்டுவார். திருகோணமலை வீதி.

"வாசிங்க. இந்த ரோட்டுல நேராப் போனா என்ன வரும்? கடல். அப்ப என்ட கட கடக்கரையிலதானே ஈக்குது? கொஞ்சம் தள்ளி ஈக்குது, அவ்வளவுதான்."

ஆனால் குளங்களும் நீர்த்தேக்கங்களும் எங்கள் மாவட்டத்தில் உண்டு. அதில் படகு ஓட்டுகிறவர்கள் யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொழும்புக்குப் போகப் பயந்து நானாவிடம்தான் வருவார்கள். வந்தவர்களை அவர் துரத்திவிடுவார். காரணம், அவருடைய சட்டம். படகு ஓட்டுகிறவனுக்கு விசிறி கொடுக்க மாட்டார். படகின் சொந்தக்காரருக்கும் கொடுக்க மாட்டார்.

"ஓட்டுறவன் வேகம் கேப்பான். மொதலாளி வெல கேப்பான். இது திரும்பி வருமா எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஒங்கட ஊட்டுல கரையில நிண்டு பாக்குறது யாரு? அவங்கள அனுப்புங்க."

கல்யாணமாகாத நில அளவைக்காரர் ஒருவர், வேறு ஆள் இல்லாமல், தான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவைக் கூட்டி வந்தாராம்.

"இவரு திரும்பி வராட்டி ஒங்களுக்கு என்ன?" என்று நானா அந்த அம்மாவைக் கேட்டிருக்கிறார்.

"மூணு மாச வாடக போயிருமே!"

"அது போதும்," என்று விசிறியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். வில்கமுவப் பக்கத்து மீன்காரர் ஒருவரின் மனைவிக்கு, இடப்பக்கம் சுழலச் செய்த விசிறியை வலப்பக்கம் சுழலும் எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டார். முன்னால் போகக் கியரைப் போட்டால் படகு பின்னால் போய், குளத்தில் படுத்திருந்த எருமைகளின் நடுவில் ஏறி நின்றது. புருஷனும் மனைவியும் கடையில் வந்து சண்டை.

"முன்னுக்குப் போடுறேன், பின்னுக்குப் போகுது நானா!"

"கரைக்கு வந்திச்சா இல்லியா?"

"பின்னுக்குப் போனா கரைக்குத்தானே வரும்!"

"அப்ப என்னத்துக்குச் சத்தம்? கரைக்கு வரணும் எண்டுதானே ஒங்கட பொஞ்சாதி கேட்டா?"

அந்த அம்மா யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாராம். பிறகு வேறு விசிறி மாற்றிக் கொடுத்தார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மனிதரிடம்தான் நான் கைக்குழந்தையோடு போக வேண்டி வந்தது. என் கணவர் அன்டன், நாவுலைக்கு அப்பால் நீர்த்தேக்கத்தோரம் இருந்த ஒரு விடுதியில் படகு ஓட்டினார். விடுதி மாத்தையா, அதாவது முதலாளி, வேகப் பைத்தியம். அந்தத் தண்ணீருக்குத் தேவையே இல்லாத பெரிய எஞ்சின் பூட்டிய படகை வாங்கி, வெள்ளைக்காரர்களைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மேல் சறுக்க விடுவார். நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிய மரங்கள் அடியில் அப்படியே நிற்கின்றன. படகு போகிற ஒவ்வொரு நாளும் நான் அந்த மரங்களை எண்ணிப் பார்ப்பேன், கண்ணுக்குத் தெரியாதவற்றையும் சேர்த்து.

ஒரு நாள் ஓர் அடிமரத்தில் மோதி விசிறியின் ஓர் இறக்கை முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் வருவதாக இருந்தது. அதற்குள் படகு ஓடாவிட்டால் படகையும் விற்றுவிட்டு, ஓட்டுகிறவரையும் நிறுத்திவிடுவதாக மாத்தையா சொல்லிவிட்டார். முறிந்தது அலுமினியம் என்பதால், இனி முறியாத ஸ்டீல்தான் வேண்டும் என்றும் உத்தரவு.

"ஸ்டீல். பத்தொம்பது. மறந்துறாத," என்றார் அன்டன். விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் படகு எத்தனை அங்குலம் முன்னால் பாய வேண்டும் என்பதுதான் அந்த இலக்கம். கூடக் கூட வேகம்.

"பழசு எத்தன?"

"பதினேழு."

"அப்ப பதினேழே வாங்கினா என்ன?"

"மாத்தையாவுக்கு யாரு பதில் சொல்றது, நீயா?"

பஸ்ஸில் ஸ்டீல், பத்தொன்பது என்று செபமாலை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனேன். முறிந்த விசிறி பாப்பாவின் பைக்குள், துணிகளுக்கு அடியில் இருந்தது. முதல் சோதனைச் சாவடியில்தான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில், தமிழ்ப் பெண், பைக்குள் அதிவேகப் படகின் விசிறி! கடலே இல்லாத மாவட்டத்தில் இது எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்? அடையாள அட்டையை நீட்டினேன். நல்ல வேளை, பாப்பா அந்த நேரம் பார்த்துத் துணியை நனைத்து வீரிட்டாள். சிப்பாய் பையைத் தொடாமலே போகச் சொன்னான். ஏறி உட்கார்ந்த பிறகு யோசித்தேன். பத்தொன்பதா, பதினேழா?

நானா என்னைப் பார்த்ததும் எழுந்தார். "கரையில நிக்கிறது நீங்களா? வாங்க மகள். மொதல்ல தராசுல ஏறுங்க."

"எதுக்கு நானா?"

"படகுக்கு எவ்வளவு பாரம் எண்டு தெரியாம விசிறி குடுக்க ஏலுமா?"

"நாங்க படகுல போறதில்லயே. அவரு மட்டும்தான்."

"அவரு தனியாவா போறாரு? ஒங்களையும் புள்ளயையும் நெனச்சிக்கிட்டுத்தானே போறாரு? அதுவும் பாரம்தான். ஏறுங்க."

பழைய இரும்பு நிறுக்கிற தராசில், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். படித்த பெண், சொன்னதைச் செய்து பழகியவள், வேறு என்ன செய்வேன்? பிள்ளை பெற்ற பிறகு நான் எவ்வளவு நிறை என்பதை நானா தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். அந்த இலக்கத்தை மட்டும் நான் இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு முறிந்த விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அச்சில் கோக்கிற பற்களைத் தடவி எண்ணி, அதே எஞ்சினுக்குப் பொருந்துகிற இரண்டை இறக்கி என் முன்னால் வைத்தார். ஒன்று ஸ்டீல், பத்தொன்பது. கண்ணாடிபோல மின்னியது. மற்றது அலுமினியம், பதினேழு. சாயம் போய் அழுது வடிந்தது.

"எது நல்லது நானா?"

"ஸ்டீல் பறக்கும். மரத்துல அடிச்சாலும் லேசுல முறியாது. ஆனா அந்த அடி எங்கயாச்சும் போகணுமே? எஞ்சினுக்குப் போகும். எஞ்சின் தாங்காட்டி படகுக்கு. இது பறக்காது. அடிச்சா இதுவே முறிஞ்சி போயிரும்."

"அப்ப இதையே எடுக்கட்டுமா?"

"நான் எப்பிடிச் சொல்ற? கரையில நிக்கிறது நீங்க."

"மாத்தையா வேலைய விட்டு நிப்பாட்டிட்டா?"

"அதுவும் நடக்கலாம்," என்றார், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

தலைக்கு மேலே எல்லா விசிறிகளும் சுழன்றன. ஸ்டீலைத் தொட்டேன். கையை எடுத்தேன். அலுமினியத்தைத் தொட்டேன். பாப்பாவுக்குப் பால் கொடுத்தேன். மறுபடி ஸ்டீலைத் தொட்டேன். நானா நடுவில் தொழுதுவிட்டு வந்து, "இன்னும் அங்கயேதான் நிக்கிறீங்களா?" என்றார். கடைசியில், கண்ணை மூடிக்கொண்டு முறிகிறதை எடுத்தேன்.

பைக்குள் ஒளிக்கப் போனபோது நானா தடுத்தார். "ஒளிச்சாத்தான் பயம். மடியில வச்சிக்கிட்டுப் போங்க."

அப்படியே போனேன். திரும்பும் வழியில் சிப்பாய் ஒருவன் பஸ்ஸுக்குள் ஏறி என் முன்னால் நின்றபோது, பாப்பா ஓர் இறக்கையைப் பிடித்து ஈறால் கடித்துக்கொண்டிருந்தாள். (கடையிலேயே சுடுநீர் கேட்டுக் கழுவியிருக்கலாமே என்றுதான் அப்போதும் நினைத்தேன்.) அவன் துப்பாக்கியைத் தோளில் மாற்றிக்கொண்டு, விசிறியை வாங்கிப் பார்த்தான். எங்கே கொண்டு போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். விடுதியின் பெயரைச் சொன்னேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. இறக்கையின் வளைவை விரலால் தடவினான்.

"அலுமினியமா? எங்கப்பாவுக்குத் தெற்கில் மீன் படகு இருக்கிறது, நங்கி. இது சும்மா முறிந்துவிடும். ஸ்டீல் வாங்கியிருக்கலாமே!"

நங்கி, தங்கச்சி என்று கூப்பிட்டவன், விசிறியைப் பாப்பாவிடமே கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். அவன் துப்பாக்கியைப் பார்த்து வந்த பயம் அதோடு போய்விட்டது. அவன் சொன்னதைக் கேட்டு வந்த பயம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

"ஸ்டீல்னுதானே சொன்னேன்?" என்றார் அன்டன்.

"கடையில இருந்திச்சி. நான்தான் எடுக்கல."

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமான பிறகு நானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தது அதுதான் முதல் தடவை. விசிறியை எடுத்துக்கொண்டு பூட்டப் போனார்.

ஞாயிறு காலை நாவுலை பஸ்ஸில் பங்கா நானா வந்து இறங்கினார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். விசிறியைப் பார்க்க வந்தேன் என்றார். ஆனால் கரைக்கு வந்ததும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, ஒரு மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணியப் பாத்தா எனக்குத் தல சுத்தும் மகள். மிச்சம் பெரிசா ஈக்குதா?"

"பெரிசுதான் நானா."

அன்டன் ஒரு பருத்த வெள்ளைக்காரரைக் கட்டி இழுத்துக்கொண்டு புறப்பட்டார். அந்த ஆள் சட்டென்று தண்ணீரை விட்டு எழும்பியதும் மாத்தையா கைதட்டினார். படகு திரும்பி, மொட்டை மரங்கள் தலை நீட்டிய பக்கம் போய் மறைந்தது. அங்கே சத்தம் நின்றுவிட்டது.

"ஏன் சத்தம் நிண்டுட்டு?" நானா திரும்பவில்லை. "மகள்? வருதா?"

முறிந்துவிட்டதா? முறிந்ததோடு போயிற்றா? ஸ்டீல் எடுத்திருந்தால்? பாப்பாவை நான் இறுக்கிய இறுக்கில் அவள் அழத் தொடங்கினாள்.

"மகள், வருதா?"

இருமுவதுபோல எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு மரங்களுக்கு இடையில் படகு தெரிந்தது. தண்ணீரில் விழுந்த வெள்ளைக்காரரைத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு வந்தார் அன்டன்.

"வருது நானா."

"இப்ப?"

"வந்துக்கிட்டே இருக்கு."

படகு பலகையில் முட்டிய பிறகுதான் திரும்பினார். தண்ணீரையும் பார்க்கவில்லை, வந்த விசிறியையும் பார்க்கவில்லை. அன்டனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "சரி, ஈக்கிறாரு," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்த விடுதி இப்போது இல்லை. நாங்கள் ரத்தோட்டைக்கு வந்துவிட்டோம். அன்டன் வேன் ஓட்டுகிறார். ஸ்டீல் எடுத்திருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் சில நாள் யோசிப்பேன். அவர் வர நேரமாகிற நாட்களில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும்போது, பக்கத்தில் ஒருவர் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பதுபோல இருக்கும். வேனின் சத்தம் கேட்டதும், "வருது நானா" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.