ஒப்ஜெக்ஷனின் அத்தாட்சி

நோர்வூட் பக்கம் மற்றக் குழந்தைகள் எல்லாம் அழுதுகொண்டு பிறக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள் மட்டும் ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டே பிறந்திருப்பாள். அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "ஒப்ஜெக்ஷன்" என்று கேட்டால் லயத்து நாய்கூட வழி காட்டும்.

சட்டக் கல்லூரிக்குப் போன பிறகு அந்த வியாதி முற்றிவிட்டது. விடுமுறையில் வந்தவள், என்னைப் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா "பொண்ணு பாடுமா?" என்று கேட்டதும் எழுந்தாள்.

"ஒப்ஜெக்ஷன்! மொதல்ல மாப்பிள்ள பாடட்டும்."

பாவம், மனிதர் பாடினார். அதைக் கேட்ட பிறகும் அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

அவளுடைய பெரிய வழக்கு கக்கூஸ் வழக்கு. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தேயிலைச் செடி மறைவுதான் கழிப்பறை. கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார்கள். ஒருநாள் காலையில் அத்தனை பேரையும் கூடையும் கையுமாகத் தோட்ட மனேஜர் தொரையின் பங்களா வாசலில் வரிசையாக நிறுத்தினாள்.

"என்ன இது?" என்றார் தொரை.

"ஒண்ணுமில்லீங்க தொரை. மலையில கக்கூஸ் இல்ல. ஒங்க வீட்டுல ரெண்டு இருக்காம். ஒவ்வொருத்தரா போயிட்டு வந்துர்றோம்."

மறுவாரமே மலையில் கல்லும் சீமெந்தும் வந்து இறங்கின.

ஊருக்கு வாதாடியவளின் சொந்த நிலைமை மோசம். அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். கொழும்பில் தங்கிப் படிக்க வழியில்லை. படிப்பை நிறுத்திவிட்டு ஹட்டனில் ஒரு புடவைக் கடைக்குப் போவதாக இருந்தாள். ஒப்ஜெக்ஷன் "சரிங்க, ஆமாங்க" என்று சேலை விரிப்பதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான், மக்களுக்காக உழைக்கப்போகும் சட்ட மாணவர்களுக்குப் படிப்புச் செலவுக்குப் புலமைப்பரிசில் தருகிறார்கள் என்று தெரிந்தது. நேர்முகப் பரீட்சை ஹட்டனில். செய்த சேவைக்கு அத்தாட்சி வேண்டுமாம்.

எங்கள் தோட்டத்தில் யாரும் ஆபீசுக்குத் தனியாகப் போய்ப் பேசுவதில்லை. ஒருத்திக்குக் குறை என்றால் முழு லயமும் கூடப் போகும். அந்தப் பழக்கத்தில் நேர்முகப் பரீட்சைக்கும் ஒரு பஸ் நிறையப் போய் இறங்கினோம்.

தலைமை தாங்கிய வழக்கறிஞர் அம்மா, "அத்தாட்சி எங்கம்மா?" என்று கேட்டார்.

"வெளிய நிக்கிறாங்க மேடம். கூப்பிடட்டுங்களா?"

கூப்பிடும் முன்பே நுழைந்துவிட்டோம். கக்கூஸ் கதையை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னோம். வழக்கறிஞர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிச்சு முடிச்சிட்டு இவங்க கொழும்புலயே தங்கிட்டா?"

கொழுந்து பறிக்கிற மாரியாயி அக்கா இடுப்பில் கைவைத்தார். "நாங்க விட்டாத்தானேங்க!"

"சரி, கக்கூஸ் கட்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சிருச்சுங்க. பூட்டும் போட்டாச்சு. ஒரு அவசரம்னா இருக்கட்டும்னு தொரைகிட்டயும் ஒரு சாவி குடுத்திருக்கோம்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புலமைப்பரிசில் அப்போதே எங்களுடையதாகிவிட்டது. கடிதம்தான் மெதுவாக வந்தது.

அவளை வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்கும் முழு லயமும் வந்தது. ரயில் நகர்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, என் முகத்தைப் பார்த்துக் கத்தினாள்:

"ஒப்ஜெக்ஷன்! அழக்கூடாது!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஆட்சேபத்தை நான் ஏற்கவில்லை. ரயில் அடுத்த ஸ்டேஷனான றொசல்லையைத் தாண்டியிருக்கும், நான் இன்னும் அழுதுகொண்டேதான் நின்றேன்.