ஒண்டுமில்லைக்காரர் வீட்டு மீன்தொட்டி

மனிதரில் ஒண்டுமில்லைக்காரர் என்றொரு வகை உண்டு. நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். கூரை ஒழுகி, தலையணை நனைந்து, கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, வீட்டிலுள்ள சட்டி பானையெல்லாம் நடு ஹோலில் மழைநீர் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும், அவற்றுக்கு மத்தியில் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, "ஒண்டுமில்ல, ஒரு ஓடு வெலகியிரிக்கி" என்று சொல்கிறவர் அவர்தான். மோட்டார் சைக்கிள் இருமும். ஒண்டுமில்ல. கடைவாய்ப் பல்லு வீங்கிக் கன்னம் பேக்கரிப் பணிஸ் போல உப்பும். ஒண்டுமில்ல. இதைப் பார்த்து அவர் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். ஊரிலேயே அவரைப் போலப் பயந்தாங்கொள்ளி கிடையாது. ஒரு வருத்தத்தை வருத்தம் என்று வாயால் சொல்லிவிட்டால் அது உள்ளே வந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிடும் என்பது அவருடைய பயம்.

கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் ஸைனுலாப்தீன் இந்த வகையில் அசல் சரக்கு. அவருடைய வீட்டு ஹோலில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. பார்த்துப் பார்த்துச் செய்தது அவரல்ல, மகள் அம்ஹா. உப்பை அளந்து கரைத்து, கல்லை அடுக்கி, விளக்குப் பூட்டி, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீன் சோடி ஒன்றை அதில் வளர்த்தாள். அந்தச் சோடி அவளுக்கு உயிர். கை நீட்டினால் விரலருகே வந்து நிற்கும். வாப்பாவுடைய பங்கு, வருகிறவர்களிடம் தொட்டியைக் காட்டுவது மட்டும்தான்.

இப்படியிருக்க, அம்ஹாவுக்குச் சம்மாந்துறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். ஆகையால் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை ஒரு தடவையும் வீட்டைப் பல தடவையும் பார்ப்பார்கள். ஸைனுலாப்தீன் சுவர் வெடிப்புக்கு மேலே கலண்டரைத் தொங்கவிட்டார். ஈரம் சுவறிய மூலைக்கு அலுமாரியை நகர்த்தினார். அதோடு விட்டாரா? தொட்டியும் எடுப்பாக இருக்கட்டுமென்று எங்கிருந்தோ ஒரு நீலமீனை வாங்கிவந்தார்.

"வாப்பா, புது மீனக் கொஞ்ச நாளைக்குத் தனிய வெச்சுப் பாக்கணும்" என்றாள் அம்ஹா.

"அதுக்கென்ன கொரோனாவா மகள், தனிய வெக்க? ஒண்டுமில்ல, வுடு."

விட்டார். அந்தக் கிழமையே மீன்களின் மேல் உப்புத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டன, மூச்சு வாங்கின. அம்ஹா வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். கழற்றியபோது புள்ளிகள் தெரியவில்லை. "ஒண்டுமில்ல" என்றார்.

இரண்டொரு நாளில் புள்ளிகள் தாமாகவே மறைந்தன. ஸைனுலாப்தீனைப் பிடிக்க முடியவில்லை. கடைக்கு வந்த ஆளுக்கெல்லாம் அதே கதைதான்.

"அது போகல்ல வாப்பா. அந்தப் பூச்சி கீழ வுழுந்து மணலுக்குள்ள பெருகிட்டிரிக்கி. இன்னும் கூடத்தான் வரும்."

வந்தது. இந்தத் தடவை தூவல் அல்ல, பொழிவு. அம்ஹா கெஞ்சினாள். மீன் முழுவதையும் வேறு தொட்டிக்கு மாற்றி மருந்து போட வேண்டும், இந்தத் தொட்டி சில கிழமை மீனில்லாமல் கிடக்க வேண்டும், பூச்சி ஒட்டிக்கொள்ள உடம்பில்லாமல் தானாகச் செத்துப்போகும், இப்போதே செய்தால் என் சோடி தப்பும் என்றாள்.

"மாப்புள வீட்டாரு வெள்ளிக்கிழம வாறாங்க. வெறுந்தண்ணியக் காட்டியா நான் பொண்ணு குடுக்குற?" என்றார் வாப்பா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா ஸஹீத் ஹாஜியார், சம்மாந்துறையில் அரிசி மில் முதலாளி. கையில் ஒரு பிடி நெல்லை வைத்து ஊதிப் பார்த்தே குறை சொல்லும் மனிதர். கலண்டரைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், நேரே தொட்டியடியில் போய்க் குனிந்தார்.

"இதென்ன முதலாளி, மீன்ட மேல வெள்ள வெள்ளயா?"

வட்டிலாப்பத் தட்டோடு வந்த மனைவி லைலா கதவடியிலேயே நின்றுவிட்டார். ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் பக்கத்தில் போய்த் தானும் குனிந்தார்.

"அதுவா? ஒண்டுமில்ல ஹாஜியார். முத்து வகை. லேசில கெடைக்காது."

"மாஷா அல்லாஹ். ஏன் கல்லுல ஒரசுது?"

"முத்தத் தீட்டுது."

ஹாஜியார் அசந்துபோனார். தன் மகன் நளீரும் வீட்டில் இப்படியொரு தொட்டி வைத்திருப்பதாகவும், அவனுக்கு மீனென்றால் சோறு தண்ணீர் வேண்டாமென்றும், இந்தக் கோமாளிச் சோடி மிகவும் வடிவாக இருக்கிறது என்றும் சொன்னார். வடிவென்பதை இன்னொரு தடவையும் சொன்னார். சம்பந்தம் பேச வந்தவர் ஒரு பொருளை இரண்டு தடவை வடிவென்று சொன்னபிறகு அதை வைத்துக்கொண்டிருக்க எந்தப் பெண்வீட்டாருக்குத் துணிவு வரும்? "மருமகனுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று ஸைனுலாப்தீனின் வாய் அவரைக் கேளாமலே சொல்லிவிட்டது.

அம்ஹாவுக்கு நெஞ்சு வெடித்தது. வந்தவர்கள் முன்னால் அழவும் முடியாமல், தானே வலையை எடுத்துச் சோடியைப் பிடித்து வாளியில் விட்டாள். மூடியைப் போடும்போது மட்டும், "மாமா, இதத் தனியத் தொட்டில வெக்கச் சொல்லுங்க. நல்லாப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

"மகளுக்குப் பயம் ஹாஜியார், ஒண்டுமில்ல" என்றார் வாப்பா.

மிச்சமிருந்த மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்தன. கடைசியில் நீலமீனும் மிதந்தது. "வயசு போயிட்டு" என்றார் ஸைனுலாப்தீன், தான் அண்மையில் வாங்கிவந்த மீனைப் பார்த்து. அம்ஹா அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். அது அவருக்கு வலித்தது. கடைக்குப் போய்ப் புடவையை மடித்து மடித்து விரித்தார். யாராவது முகத்தைப் பார்த்து என்ன முதலாளி என்று கேட்டால், நீங்களே சொல்லுங்கள், என்ன சொல்லியிருப்பார்?

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை நளீரிடமிருந்து அழைப்பு வந்தது. ஸைனுலாப்தீன் தொலைபேசியை எப்போதும் வீடு முழுக்கக் கேட்கும்படி வைத்துத்தான் கதைப்பார்.

"மாமா, கொற நெனக்காதீங்க. அந்த மீனுக்கு என்னமோ இரிக்கி. முத்தில்ல மாமா, பூச்சி. உங்கட மகள் சொல்லியனுப்பின மாதிரி தனிய வெச்சு மருந்து போட்டன். இப்ப ரெண்டும் நல்லாத் திண்டுது. உங்கட தொட்டியையும் ஒருக்காப் பாருங்க."

போச்சு. சம்பந்தம் போச்சு, மரியாதை போச்சு, பொய்யன் என்ற பெயர் சம்மாந்துறை வரைக்கும் போச்சு. ஸைனுலாப்தீன் தொலைபேசியை வாயருகே கொண்டுவந்தார். வாயைத் திறந்தார்.

"ஒண்டுமில்ல, மருமகன்."

லைலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அறைக்குள்ளிருந்து அம்ஹா வெளியே வந்தாள். கண்ணில் நீர் நிற்கச் சிரித்தாள்.

"உம்மா, எனக்குச் சம்மதம் எண்டு சொல்லுங்க."

"மாப்புளட மொகத்தக்கூட ஒழுங்காப் பாக்கல்லயே மகள்?"

"என்னமோ இரிக்கி எண்டு வாயால சொல்ற ஆம்புள ஒராள் இந்த வூட்டுக்குத் தேவ உம்மா."

கலியாணம் நடந்தது. நளீர் குடிவந்த மறுநாளே கலண்டரைத் தூக்கிப் பார்த்து, வெடிப்பைப் பூச மேசனைக் கூப்பிட்டான். கோமாளிச் சோடி இன்னும் சம்மாந்துறையில்தான் இருக்கிறது. இங்கே தொட்டி பூச்சி சாகும்வரை மீனில்லாமல் கிடக்கிறது. வருகிறவர்கள் வெறுந்தண்ணீரைப் பார்த்து என்னவென்று கேட்டால், ஸைனுலாப்தீன் மருமகன் பக்கத்தில் இல்லையென்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, "சும்மா இல்ல, உள்ளுக்கு உசிர் இரிக்கி, கண்ணுக்குத் தெரியாத வகை" என்கிறார். யோசித்துப் பார்த்தால், அந்தத் தொட்டியைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் சில நாளாக உங்களைக் கூப்பிட்டு ஏதோ ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கிறார் அல்லவா? இதைப் படித்து முடித்ததும் அவர் வந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, என்ன யோசிக்கிறீங்க என்று கேட்கக்கூடும். பதில் சொல்லுமுன் கொஞ்சம் கவனமாக இருங்கள்.