பாதி வாய்க்கால்

ஒரு காட்டில், மரங்களைவிடத் துறைகள் அதிகமாக இருந்த இடத்தில், பல்கலைக்கழகம் ஒன்று நடந்துவந்தது. துணைவேந்தர் ஒரு கரடி. அங்கே செவ்வந்தி என்ற நீர்நாய் தற்காலிக விரிவுரையாளராக இருந்தது. பாடம் நடத்த வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும், ஒரு கிராமத்தைத் தத்தெடுத்துச் சேவையும் செய்ய வேண்டும். மூன்றையும் செய்தால்தான் வேலை நிரந்தரம்.

செவ்வந்திக்கு மேல்கரை கிடைத்தது. அங்கே தண்ணீர் குடிக்கப் போகும் மான்களை முதலை பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. ஆற்றங்கரைப் புதரில் படுத்து முதலையைக் கவனித்த நீர்நாய், அது ஆழமான கலங்கல் நீரில் மட்டுமே பதுங்குகிறது என்று கண்டுபிடித்தது. உடனே தன் வகுப்புக் காட்டுப்பன்றிகளைக் கூட்டிப்போய் வாய்க்கால் வெட்டியது. கணுக்கால் அளவுத் தெளிந்த தண்ணீர் ஊருக்குள்ளேயே ஓடியது. மான்கள் நிம்மதியாகக் குடித்தன.

பசி தாங்காத முதலை கீழ்க்கரைக்குப் போனது. அந்த ஊரைத் தத்தெடுத்திருந்தவர் பேராசிரியர் நரி. அவர் பேனர் கட்டி, மைக் பிடித்து, ‘முதலையும் நாமும்’ என்று விழிப்புணர்வு முகாம் நடத்தினார். முகாமுக்கு வந்த மான்கள் தாகமெடுத்து ஆற்றுக்குப் போயின. சில திரும்பி வந்தன.

அந்த வருடம் தரமதிப்பீட்டுக் குழு வந்தது. தலைவர் யானை மேல்கரையில் இறங்கி விசாரித்தார்.

“இங்கே முதலைத் தொல்லை உண்டா?”

“இல்லைங்க ஐயா” என்றன மான்கள்.

“தொல்லையே இல்லாத ஊருக்கு எதுக்குப் பல்கலைக்கழகம்?”

“அவங்க வந்ததாலதாங்க இல்லை.”

யானை நம்பவில்லை. கீழ்க்கரையில் அப்போது இரங்கல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நரி விம்மி விம்மிப் பேசினார். யானையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மக்களோட எவ்வளவு நெருக்கம்!” என்றார். சிறந்த சேவை விருது நரிக்குப் போனது.

கரடி நீர்நாயைக் கூப்பிட்டது. “ஏம்மா, உன் ஆராய்ச்சி முடிஞ்சே போச்சாமே? முடிஞ்சுபோன ஆராய்ச்சிக்கு யாரை நிரந்தரமாக்குறது?”

“மான்கள் உயிரோட இருக்குங்க ஐயா.”

“அது மான்களோட சாதனை. உன் சாதனை என்ன?”

நீர்நாயின் வளையில் மூன்று குட்டிகள் பசியோடு காத்திருந்தன.

“போய் நரி சாருக்குக் கீழே வேலை பாரு” என்றது கரடி.

நீர்நாய் கீழ்க்கரைக்குப் போனது. பழையபடி பன்றிகளோடு மண்ணில் இறங்கியது. வாய்க்கால் பாதி தூரம் வந்தபோது நரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“நிறுத்தும்மா! இதுக்கு மேல தோண்டினா ஊருக்குத் தண்ணி வந்துடும்.”

“அதுக்குத்தானே சார் தோண்டுறோம்?”

“வந்துட்டா முதலை போயிடும். என்கிட்ட ஆறு பேர் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்காங்க, முதலையை நம்பி. உன் வேலையை நிரந்தரமாக்குற ஆர்டரும் கையெழுத்துக்குத் தயாரா இருக்கு. யோசிச்சுக்கோ.”

பன்றிகள் நீர்நாயின் முகத்தைப் பார்த்தன. அது கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் கரையேறியது.

பாதி வாய்க்காலுக்கு ‘முன்மாதிரித் திட்டம்’ என்று பலகை வைத்தார்கள். வேறு காடுகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்துப் போனார்கள். செவ்வந்தியின் வேலை நிரந்தரமானது.

ஒருநாள் அஞ்சலை என்ற தாய்மான் குட்டியோடு வந்து, “டீச்சரம்மா, இதுல தண்ணி எப்ப வரும்?” என்று கேட்டது.

நீர்நாய் அதன் முகத்தைப் பார்க்காமல் சொன்னது: “இரண்டாம் கட்டத்துல.”

நீதி: ஊரின் துன்பத்தைத் தீர்த்துவிட்டவருக்கு வேலை போகும், தீர்த்துக்கொண்டே இருப்பவருக்கு ஓய்வூதியமும் உண்டு.